காது கேட்ட சொல்

9 மார்ச் 2025, ஞாயிறு

செல்லக்கிளியை நான் மன்னித்துவிட்டதாகக் கோயிலில் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. மன்னிக்கவில்லை. கால் பிசகிக் கிடக்கிறேன் என்று கேள்விப்பட்டு அவள் தினமும் கொள்ளு ரசம் வைத்துத் தருகிறாள், அவ்வளவுதான். விடியுமுன் ஏலத்தோட்ட ஜீப்புக்குப் போகிற வழியில் வாசல் கம்பியில் தூக்குவாளியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறாள். கூப்பிடுவதில்லை. ஏன்?

பதினோரு வருடம் முன்பு என் வீட்டில் வேலை பார்த்தவள். என் கணவரின் அடக்கத்தன்று, அவர் கையில் சுற்றுவதற்கு வெள்ளி ஜெபமாலையை எடுத்து வரச் சொன்னேன். வெறுங்கையோடு வந்து, "களவு போச்சும்மா" என்று அழுதாள். அவளைத் தவிர அதைத் தொட்டவர் யார்? அன்றே அனுப்பிவிட்டேன். தெருவில் வேறு எந்த வீட்டிலும் அவளைச் சேர்க்கவில்லை. சொல்லிவைத்தது நான்தான்.

11 மார்ச்

ரசத்தை முதலில் சமையல்கார ஆயம்மாளைக் குடிக்கச் சொன்னேன். சிரிக்கிறாள். "ஏம்மா, விசம் வைக்கிறவ பூண்டு தட்டிப்போட்டு, மல்லித்தழை கிள்ளிப்போட்டா வைப்பா?" ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

12 மார்ச்

ஆயம்மாள் நன்றாகத்தான் இருக்கிறாள்.

14 மார்ச்

செல்லக்கிளி ரசம் தருவது மறுபடி வேலை கேட்கவா? இல்லை, ஊர் முன்னால் என்னைச் சிறுமைப்படுத்தவா? பகைவரையும் நேசிக்க வேண்டும் என்று கான்வென்ட்டில் நூறு தடவை இம்போசிஷன் எழுதியிருக்கிறேன். எழுதியது நான். செய்வது அவளா?

18 மார்ச்

காலுக்குப் பயிற்சி தர வரும் மலையாளப் பெண் இன்று ஒரு காதில் கம்மல் இல்லாமல் வந்தாள். "களஞ்சு போயி, அம்மச்சி."

"யார் திருடினது?"

"திருடலை. ஜீப்பில எங்கயோ விழுந்துபோச்சு. தொலைஞ்சதுக்கு அப்படித்தான் பறயும்."

செல்லக்கிளி பிறந்து வளர்ந்தது போடிமெட்டுக்கு மேலே, மலையாளத்தார் தோட்டத்தில். பேச்சில் பாதி மலையாளம். களஞ்சு போச்சும்மா - அதையா சொன்னா? தொலஞ்சு போச்சுன்னுதான் அழுதாளா? நான் களவுன்னு கேட்டேனே. உச்சரிப்புக்குப் பரிசு வாங்கினவ நான். ஆண்டவரே, என்ன பண்ணிட்டேன்?

21 மார்ச்

பாவசங்கீர்த்தனம் செய்தேன். "கடவுள் மன்னித்துவிட்டார், இனி நீங்களும் உங்களை மன்னியுங்கள்" என்றார் சாமியார். பதினோரு வருடத்துக்குப் பரிகாரம் மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம். அவருக்கு அவசர சோலி ஏதோ இருந்திருக்க வேண்டும். அவ்வளவு சுலபமா? நம்பவில்லை.

22 மார்ச்

ரசத்தில் உப்பு கூடுதல். வேண்டுமென்றே இருக்குமோ? இருந்தால்தான் என்ன. குடித்தேன்.

24 மார்ச்

காலித் தூக்குவாளிக்குள் நான் வைத்த கடிதத்தின் நகல்:

செல்லக்கிளி, ஜெபமாலையை நீ திருடவில்லை. நீ 'களஞ்சு' என்றாய். நான் 'களவு' என்று கேட்டேன். உன்னைத் திருடி என்று நான் சொல்லிவைத்த வீடுகளுக்குக் கம்பூன்றிப் போய், பொய் சொன்னது நான் என்று சொல்லி வருகிறேன். மூன்று வீடு முடிந்தது. நான்கு பாக்கி. என்னை மன்னிப்பாயா? மாட்டாய் என்றாலும் சொல். வாயால் வேண்டாம், என் காதை இனி நம்புவதற்கில்லை. நீ எட்டாவது படித்தவள். ஒரு வரி எழுதி, நாளை தூக்குவாளியோடு வை.