ரஹீம் கட்டாத பட்டு வேட்டி

ஆவணி 3, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை வரும் போலிருந்து வரவில்லை. முட்டி வலி. எண்ணெய் தேய்த்தும் பிரயோசனமில்லை.

மருமகள் மீனாவுக்கு மூன்று வாரத்தில் பரீட்சை. அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு. இந்தத் தடவை ஒரு தாள் இஸ்லாம் பற்றிய அறிமுகம். நம்பிக்கை, வரலாறு, சிந்தனை எல்லாம் சேர்த்து ஒரே புத்தகம். உட்கார்ந்து படிக்க அவளுக்கு ஏது நேரம்? அவள் தறிக்கு ஊடை நூலைத் தாரில் சுற்றுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும். அப்படி ஏற்பாடு. மகன் தறியில். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருக்கிறது.

"மாமா, கோயில்ல பதிகம் பாடற மாதிரி இழுக்காதீங்க. மனசுல நிக்க மாட்டேங்குது."

முதல் பாடம்: இறைவன் ஒருவன், உருவம் கிடையாது, பிறப்பும் கிடையாது. பிறவாதவன் என்று நம் சிவனையும்தானே சொல்கிறோம் என்றேன். அதையெல்லாம் எழுதினால் மார்க் போட மாட்டார்களாம்.

வாங்க வேண்டியது: கண் சொட்டு மருந்து, தீப்பெட்டி, அரிசி மாவு.

ஆவணி 4, செவ்வாய்

மதியம் கரண்ட் இல்லை. தறி மேலே டிசைன் விழ வைக்கிற ஜக்கார்டு பெட்டி மறுபடி மக்கர். கரையில் யாளி வர வேண்டிய இடத்தில் ஏதோ நாய்க்குட்டி மாதிரி வருகிறது. மெக்கானிக்குக்கு நாலு தடவை போன். வந்துக்கினே இருக்கிறானாம், நேற்றிலிருந்து.

"ரஹீம் பாய் இருந்தா ஒரு தட்டுல சரி பண்ணிடுவாரு" என்றான் மகன். ரஹீம்தான் நாற்பது வருஷம் எங்கள் வீட்டு ஜக்கார்டு பெட்டிக்கு வைத்தியன். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பாதி வீட்டுக்கு அவன்தான். எனக்கு மட்டும் அதற்கு மேலே, சிநேகிதன். ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை.

பாடம்: மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போன பயணம். அவர்கள் ஆண்டுக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறதாம். நபி பிறந்த நாளிலிருந்து இல்லை, ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து. மீனா இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

ஆவணி 5, புதன்

ராத்திரி நல்ல மழை. காலையில் தறியில் பாவு நூல் ஈரம் வாங்கிக்கொண்டது. வேலை தாமதம்.

சிந்தனை வரலாறு. மனிதன் செய்வதெல்லாம் முன்னாலேயே எழுதி வைத்ததா, அவன் தானாகத் தேர்ந்து செய்வதா? இதைப் பற்றி அந்தக் காலத்திலேயே பெரிய பெரிய அறிஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியிருக்கிறார்கள். தானாகச் செய்யாதவனை இறைவன் எப்படித் தண்டிப்பான் என்று ஒரு கட்சி. அவன் அறியாமல் எது நடக்கும் என்று இன்னொரு கட்சி. எனக்கு விதிக் கட்சிதான் சௌகரியம். நான் செய்த சிலதை நினைத்தால், வேறு யாரோ செய்தது என்று இருந்தால் நன்றாக இருக்கும்.

ஆவணி 6, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதியே ஆக வேண்டும்.

இன்றைய பாடம் அன்றாட வாழ்க்கை விதிகள். எது ஆகும், எது ஆகாது. மது, வட்டி, பன்றி எல்லாம் தெரிந்ததுதான். அடுத்த வரி: ஆண்கள் பட்டு உடுத்துவதும் தங்கம் அணிவதும் விலக்கு. பெண்களுக்குத் தடையில்லை.

படித்துக்கொண்டே வந்தவன் அங்கே நின்றுவிட்டேன். "இன்னா மாமா, பக்கம் கிழிஞ்சிருக்குதா?" என்றாள் மீனா. இல்லை என்றேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் மகள் கல்யாணம். பந்தக்கால் நட்டதிலிருந்து ரஹீம் கூடப்பிறந்தவன் மாதிரி நின்றான். எங்களில் மனசுக்கு நெருங்கினவர்களுக்குச் சபையில் பட்டு வேட்டி கொடுப்பது வழக்கம். அவனுக்கு என் கையாலேயே நெய்தேன். பதினெட்டு நாள். வேறு யாரையும் தொட விடவில்லை. தட்டில் வைத்துக் கொடுத்து, கட்டிக்கொண்டு வா, தாலி கட்டும்போது என் பக்கத்தில் நில் என்றேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஆனால் அதே வெள்ளை நூல் வேட்டியில்தான் வந்து நின்றான். இரண்டாம் தடவை சொன்னேன். சிரித்தான்.

சபையில் கேட்டேன்: "ஏன்பா, எங்க கையால நெய்த துணி உன் ஒடம்புக்கு ஆவாதா?"

"அப்படி இல்லபா. அப்புறமா சொல்றேன்."

அந்த அப்புறத்துக்கு நான் இடமே கொடுக்கவில்லை. சாப்பிடாமல் போனான் என்று மறுநாள் தெரிந்தது. போனால் போகட்டும் என்றேன். வேறு மெக்கானிக் பார்த்தேன்.

பட்டு நெய்கிறவன் வீட்டில், கல்யாணத்தன்று, பட்டு எங்களுக்கு ஆகாது என்று அவன் எப்படிச் சொல்வான்? நான் கிருத்திகை விரதம் என்றால் அன்றைக்கு என் எதிரில் டீகூடக் குடிக்க மாட்டான். என் வீட்டு விரதம் அத்தனையும் அவனுக்குத் தெரியும். நான் வருஷா வருஷம் அவன் வீட்டு நோன்புக் கஞ்சி குடித்தேன். குடித்தேன், அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்டதில்லை. நாற்பது வருஷத்தில் ஒரு நாளாவது அவனைப் பட்டில் பார்த்திருக்கிறேனா என்றுகூட யோசிக்கவில்லை. மடையன்.

ஆவணி 7, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. முட்டி என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. நூல் துணியில் நாலு விரல் அகலம் வரை பட்டுக் கரை இருக்கலாம் என்று சொல்வார்களாம். விரலை வைத்து அளந்து பார்த்தேன். மூன்று அங்குலம் வரும். நல்ல கரை. ஜரிகை இல்லாமல், அரக்கு நிறத்தில், நூல் வேட்டிக்கு அதை நெய்து கொடுத்திருக்கலாம். கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான்.

இப்போது நெய்து எடுத்துக்கொண்டு போகலாமா என்று ஒரு யோசனை. வேண்டாம். மறுபடி என் கை, என் துணி, என் பெருமை.

ஆவணி 8, சனி

பாடம்: ஹஜ். போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் தெரிந்தவர் அறிந்தவர் வீட்டுக்கெல்லாம் போய், நான் ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் போவார்களாம். இறைவனுக்குச் செய்த தவறை இறைவன் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும்.

மீனா கையில் ராட்டை நின்றுவிட்டது.

"மாமா. பாய் அன்னைக்கு வந்தாரே, அதுக்குத்தானா?"

மூன்று வருஷம் முன்பு. அவள் கல்யாணமாகி வந்த புதிது. வாசலில் ரஹீம், புது வெள்ளைச் சட்டை, தொப்பி. தறியில் இருந்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேலை குறைந்து போய் வழிக்கு வருகிறான் என்று நினைத்தேன். வீட்டில் இல்லையென்று சொல்லு என்று மீனாவிடம் சொன்னேன். ஹஜ்ஜுக்குப் போய் வந்தான் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

"பொய் சொன்னது நான்தானே மாமா" என்றாள். சொல்ல வைத்தது நான் என்றேன். பாடம் பாதியில் நின்றது. இதற்கு விதிக் கட்சியில் சேர முடியாது. அந்தப் பொய்யை யோசித்துத்தான் சொல்ல வைத்தேன்.

ஆவணி 10, திங்கள்

போக வேண்டும். இன்று போகவில்லை. காரணங்கள்:
மழை.
சைக்கிளில் காற்று இல்லை.
மெக்கானிக் வருவான். (வரவில்லை.)
என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. இது ஒன்றுதான் நிஜம்.

ஆவணி 11, செவ்வாய்

மெக்கானிக் வந்தான். யாளிக்கு முகம் வந்தது, வால் போயிற்று.

ரஹீம் வீட்டுக்கு என்று கிளம்பினேன். அவன் இருக்கிற ஒலிமுகமதுபேட்டை முனையில் டீ குடித்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஆவணி 13, வியாழன்

மெக்கானிக் வாலுக்காக மறுபடி வந்தான். பேச்சுவாக்கில் சொன்னான். ரஹீம் பாய்க்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி நாலு மாதமாம். ரஹீம் மகன் கிருஷ்ணகிரியில் இருக்கிறான். அவனோடு நிரந்தரமாகப் போகிறார்களாம். ஞாயிறு விடியலில் வேன்.

"போங்க மாமா. பாடம் நான் படிச்சிக்கிறேன்" என்றாள் மீனா. அவளுக்குக் கோபம். எனக்கும் என்மேல்தான்.

ஆவணி 15, சனி

வெயில். முட்டி பரவாயில்லை.

மத்தியானத் தொழுகை முடிந்திருக்கும் என்று கணக்குப் பண்ணிப் போனேன். வீடு முழுக்க மூட்டை. ரஹீம் பிளாஸ்டிக் நாற்காலியில். பாதியாகிவிட்டான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். அவன் மனைவி ஜமீலா, "உக்காருங்கண்ணே, எத்தினி வருஷமாச்சு" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டது.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பட்டு விஷயம் எனக்குத் தெரியாது. சபையில் உன்னை அவமானப்படுத்தினேன். நீ வந்த அன்றைக்கு நான் உள்ளேதான் இருந்தேன். மன்னித்துவிடு. நாலே வரி.

"ரஹீம், எங்க மீனா ஒரு பாடம்..." என்று தொடங்கினேன்.

"இருபா, நான் முன்ன பேசிடறேன். மூச்சு வாங்குது." என் கையைப் பிடித்துக்கொண்டான். "உன் பொண்ணு கல்யாணத்தன்னைக்கு உன் மனச நோகடிச்சிட்டேன். நல்ல காரியத்துல ஆவாதுன்னு ஒரு வார்த்தை வரக்கூடாதுன்னு வாய மூடிக்கினேன். அப்புறமாவது வந்து சொல்லியிருக்கணும். ஹஜ்ஜுக்கு முன்னாடி வந்தேன், நீ வீட்ல இல்ல. மறுபடி வர நேரம் இல்லாம போச்சு. அங்க போயி ஒவ்வொருத்தர் பேரா சொல்லி ஆண்டவன்கிட்ட துஆ கேட்டேன். உன் பேரு வந்தப்போ மட்டும் இன்னா கேக்கறதுன்னே தெரியல. நீ மன்னிச்சியா இல்லியான்னு தெரியாம எத கேக்கறது? ஒரு வார்த்தை சொல்லிடுபா. நிம்மதியா ஊருக்குப் போவேன்."

நான் வீட்டில் இல்லை என்பதை நம்பியே இருந்திருக்கிறான், மூன்று வருஷமும்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"மன்னிச்சிட்டேன்பா."

எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அதைச் சொன்னபோது உள்ளே ஒரு சின்னப் பெருமை. அந்த நிமிஷத்திலும். ரஹீம் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தான். ஜமீலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போய்விட்டது. அவ்வளவு நிம்மதியாக இருந்தது அவன் முகம். அதற்கு மேலே நான் எதைச் சொன்னாலும் கெட்டுவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டீ குடித்தேன். யாரோ கட்டில் எடுக்க வந்தார்கள். கயிறு பிடித்துக் கொடுத்தேன். ஜக்கார்டு பெட்டி எப்படி இருக்குது என்று கேட்டான். வால் இல்லை என்றேன். ரொம்ப நேரம் சிரித்தான், மார்பைப் பிடித்துக்கொண்டு.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஏறவில்லை.

வாசலில் மீனா. "பேசிட்டீங்களா மாமா?"

"பேசியாச்சும்மா. மன்னிச்சாச்சு."

கையிலிருந்த தாரைக் கீழே வைத்தாள்.

"யாரு யார மாமா?"