நகம் கேட்கிற கத்தி

12.8.2007, ஞாயிறு

முதுநகர் கடைத்தெருவில் ஒருத்தன் பட்டன் கத்தி காட்டினான். அமுக்கினால் டக்கென்று அலகு பாய்கிறது. நானும் பாய்ந்தேன், பின்பக்கமாக. வேண்டாம்ப்பா. வயரிங் வேலைக்கும் கொய்யாப்பழத்துக்கும் என் மடக்குக்கத்தி போதும். மரப்பிடி, ஒரே அலகு, ஸ்பிரிங் அப்படியொரு இறுக்கம். அலகுப் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து இழுத்தால்தான் திறக்கும். சுலபமாகத் திறக்கிற கத்தி பாக்கெட்டிலேயே திறந்துகொண்டால் என் கதி? அதற்காகவே ஒரு நகம் வளர்க்கிறேன். “கத்திக்காக நகமா, நகத்துக்காகக் கத்தியா?” என்கிறாள் வீட்டுக்காரி மங்கலம். எட்டாங்கிளாஸ் படித்த எனக்கு இந்தக் கேள்வி ஜாஸ்தி.

19.8.2007, ஞாயிறு

பையன் இளவரசு சிதம்பரத்திலிருந்து வந்தான். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம், அங்கேயே ரூம். பத்து விரலிலும் நகத்தைச் சதை வரைக்கும் கடித்திருக்கிறான். சின்னதில் வேப்பெண்ணெய் தடவினோம். அதையும் சேர்த்துத் தின்றவன்.

“எப்பவும் கத்தி வச்சிக்கினு இருக்கியே, பயமே வராதாப்பா?”

“பாக்கெட்ல இது கெடந்தா பாதி பேர் கிட்டயே வரமாட்டான்டா.”

யார் வந்தார்கள் இதுவரை? கொய்யாப்பழம்தான். சும்மா பீற்றினேன். சாயங்கால பஸ்ஸில் போய்விட்டான்.

20.8.2007

கத்தியைக் காணோம். வயரைப் பல்லால் உரித்தேன். “நேத்து இளவரசு உங்க சட்டைய எடுத்தான்” என்றாள் மங்கலம். அவன் செல் ஆஃப்.

எதுக்குடா உனக்கு?

21.8.2007

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. ரோட்டின் மேல் பழி போட்டுக்கொள்கிறேன்.

மச்சான் அன்பரசு போன் பண்ணினான். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். “மாமா, இங்க பாலிடெக்னிக் பசங்க அடிச்சிக்கினாங்க. ஒருத்தனுக்குக் கத்திக்குத்து. யாருன்னு தெரியல. நம்ம பையனத் தேடறேன், நீ கெளம்பி வா.”

குத்தியது என் பையனா? ஆலப்பாக்கம் வரைக்கும் அதே நினைப்பு. அப்புறம் ஞாபகம் வந்தது — அவனுக்கு ஏது நகம்? அந்தக் கத்தியை அவனால் திறக்க முடியாது. ஒரு நிமிஷம் மூச்சு வந்தது.

ஒரே நிமிஷம்தான். திறக்காத கத்தியை நீட்டிக்கொண்டு நின்றிருந்தால்? எதிரில் இருக்கிறவனுக்கு அது தெரியுமா?

சாமி. இந்த டிரைவர் ஏன் இப்படி உருட்டுகிறான்.

அன்றே, அன்பரசு வீட்டில்

உயிரோடு இருக்கிறான். அன்பரசு தேடிப் பிடித்துக் கூட்டிவந்திருக்கிறான். வலது கட்டைவிரல் நுனி பிய்ந்து ரத்தம் காய்ந்திருக்கிறது.

“சீனியருங்க மூணு பேரு. ஒரு மாசமா மெரட்டறானுங்க. உன் கத்திய இழுத்து இழுத்துப் பாத்தேம்பா, நகமே மாட்டல. ஓடிட்டேன். செம்பியன் பட்டன் கத்தி வச்சிருந்தான். தெறந்துட்டான். அவனுங்க அதையே புடுங்கி அவன் வயித்துலயே…”

ரூமில் கூட இருந்த பையன் செம்பியன். ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பிழைத்துக்கொள்வானாம்.

“கத்தி இருந்தா கிட்ட வரமாட்டான்னு சொன்னியேப்பா.”

தண்ணீர் கொண்டுவந்து அவன் கட்டைவிரலைக் கழுவினேன்.

2.9.2007, ஞாயிறு

இளவரசு இப்போது வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வருகிறான். அவன் வந்து சேர்கிற வரைக்கும் நான் வாசலில் ஏதாவது ரிப்பேர் பார்க்கிறேன். ரிப்பேரே இல்லாத வாசல்.

கத்தி டூல்ஸ் பையில், பூட்டுக்குள். கை மட்டும் பழக்கத்தில் பாக்கெட்டைத் தொடுகிறது. கொய்யாப்பழத்தைக் கடித்தே இரண்டாக்கி, பாதியை அவனிடம் கொடுத்தேன். சிரித்தான்.

மங்கலம் நகம் வெட்டின என் கட்டைவிரலைப் பார்த்தாள். என் கையிலிருந்த நெயில் கட்டரை வாங்கி உள்ளே வைத்தாள்.