மூன்றாவது பாட்டின் கடைசி நிமிடம்

மார்ச் 3, ஞாயிறு

காலையில் வழக்கம்போல் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறை. கடைக்காரர், கணக்கு டீச்சர், தம்பி, நான். பதினைந்து வருஷமாக ஒரே பேண்டின் பாட்டைக் கேட்கிறோம். ஏழு வருஷமாக, அதாவது பழைய டிரம்மர் விலகிப் புது ஆள் வந்ததிலிருந்து, ஒரே சண்டையைப் போடுகிறோம். பழைய ஆளோடு பேண்ட் செத்துப்போனது என்பது என் கட்சி. டீச்சரும் கடைக்காரரும் ஏறக்குறைய என் பக்கம். தம்பி மட்டும் புது ஆளுக்கு வக்கீல்.

இன்று அவன் ஏழாவது ஆல்பத்தைக் கொண்டுவந்தான். அவனைத் தவிர இன்னும் யாரும் கேட்காதது. லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து நேராக வந்திருந்தான், கை முழுக்க கிரீஸ். அட்டையை மட்டும் கர்ச்சீப்பால் பிடித்திருந்தான்.

"அண்ணே, மூணாவது பாட்டோட கடைசி ஒரு நிமிஷம். எல்லாரும் நிறுத்திடுவாங்க. அவன் அந்தப் பித்தளை சிம்பல் தட்ட மட்டும் தடவிட்டே இருப்பான். கேளுங்க."

கேட்டேன். ஒன்றும் இல்லை. முழுசாக ஒரு நிமிஷம் ஒன்றுமே இல்லை! தம்பி கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாசிக்கத் தெரியாதவன் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான், அதுக்கு நீ தலையாட்டறியா?" என்றேன். இருக்கு அண்ணே, இருக்கு அண்ணே என்றான். "மொதல்ல போய் காதை டெஸ்ட் பண்ணிட்டு வாடா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் டிஸ்க்கை எடுத்து அட்டைக்குள் போட்டான். வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டான். கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் நல்ல அடி, அதையும் சொல்ல வேண்டும்.

மார்ச் 4, திங்கள்

இணையத்தில் எங்கள் ரசிகர் பக்கத்தில் கட்டுரை போட்டாயிற்று. தலைப்பு: "ஒரு நிமிட வெறுமை". பழைய ஆளின் சிம்பல் எப்படி மின்னும், புது ஆளுடையது எப்படிச் சாக்குப்பையைப் போர்த்தியதுபோல் மந்தமாக இருக்கிறது, கடைசியில் அந்த மந்தமும் நின்று எப்படி வெறும் மௌனம் ஆயிற்று. மதியத்துக்குள் நானூறு பேர் பகிர்ந்துவிட்டார்கள். "உங்க காதுக்கு ஒரு கும்பிடு" என்று ஒருவர்.

மார்ச் 9, சனி

டிவி சத்தத்துக்காக மனைவியோடு தகராறு. "ஏங்க, பக்கத்து வீட்டுக்காரங்க நம்ம வீட்டு நியூஸ வச்சே உலக நடப்பு தெரிஞ்சுக்கறாங்க" என்கிறாள். இப்போது வரும் டிவிகளில் ஸ்பீக்கரைப் பின்பக்கம் வைத்துத் தொலைக்கிறார்கள். எதைத்தான் ஒழுங்காகச் செய்கிறார்கள் இந்தக் காலத்தில்.

மார்ச் 10, ஞாயிறு

தம்பி வரவில்லை. அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம், சின்ன வயசிலிருந்தே. தானாக வருவான்.

மார்ச் 13, புதன்

அச்சகத்தில் மானம் போயிற்று. பெரிய மெஷினில் தாள் இரட்டையாக ஏறியிருக்கிறது. எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. நான் பக்கத்திலேயே, இரண்டடி தூரத்தில், மை பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கோடியிலிருந்து மெஷின்மேன் ஓடி வந்து நிறுத்தினார். "சார், பீப் அடிச்சிக்கிட்டே இருக்கு, நீங்க பாட்டுக்கு நிக்கறீங்களே!"

மணி கெட்டுப்போயிருக்கிறது என்று கத்தினேன். மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் பட்டனை அமுக்கிப் பார்த்தார், மெஷின்மேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். இருபத்தாறு வருஷமாக சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்று மார்தட்டிய ஆள் நான்.

அடுத்த வாரம் எல்லோருக்கும் காது பரிசோதனையாம். வேன் வருகிறதாம்.

மார்ச் 20, புதன்

வேனுக்குள் அலமாரி மாதிரி ஒரு அறை. உள்ளே உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார் பரிசோதிக்கிற அம்மா. சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். முதலில் சரியாகத்தான் போயிற்று. அப்புறம் நிறுத்திவிட்டார். சரி, அடுத்த காதுக்கு மாற்றுகிறார் போல என்று காத்திருந்தேன். ரொம்ப நேரம்.

அவர் நிறுத்தவே இல்லை.

அதைப் புரிந்துகொண்டபோது செய்த காரியத்தை இங்கே மட்டும்தான் எழுத முடியும். கண்ணாடி வழியாக அவர் கையைப் பார்த்து, கை அசையும்போதெல்லாம் பட்டனை அமுக்கினேன். ஐம்பத்திரண்டு வயசில் பிட் அடிக்கிறேன்! அவர் எழுந்து வந்து நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டார்.

பரிசோதனைத் தாளில் கோடு நேராக வந்து வந்து, திடீரென்று கிணற்றுக்குள் விழுந்தது. வலது காது இன்னும் மோசம். "இது நேத்து வந்ததில்லை சார். எட்டு வருஷமாவது ஆகியிருக்கும். வீட்ல யாரும் சொல்லலையா?"

என்னென்ன கேட்காது என்று கேட்டேன். மெஷின் பீப், குருவிச் சத்தம், கூட்டத்தில் பேச்சு.

"சிம்பல்?"

"டிரம்ஸ்ல வர்றதா? அதுதான் சார் மொதல்ல போகும்."

எட்டு வருஷம். புது ஆள் வந்து ஏழு.

மார்ச் 21, வியாழன்

இல்லை. அந்த வேன் மெஷின் தப்பு. நாலாவது ஆல்பத்தைப் போட்டேன், பழைய ஆளின் ஆல்பம். முதல் பாட்டிலேயே சிம்பல் சுத்தமாகக் கேட்டது. பார்த்தாயா, எனக்குள் ஒரு துள்ளல். மனைவியைக் கூப்பிட்டேன், கேட்கிறது பார் என்று சொல்ல.

"எதைப் பாக்கச் சொல்றீங்க? கரண்ட் போய் அஞ்சு நிமிஷம் ஆச்சே" என்றாள்.

பாட்டு எப்போதோ நின்றிருக்கிறது. எனக்குள் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அவ்வளவு மனப்பாடம்.

அப்படியானால் இத்தனை நாள் — பழையதை ஞாபகத்தால் கேட்டேன், புதியதைக் காதால் கேட்டேன். அப்புறம் இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதினேன். ஏழு வருஷம்! பழைய ஆல்பங்களைப் புதுசாகச் சுத்தப்படுத்தி வெளியிட்டபோது, கம்பெனிக்காரன் சிம்பல் மாதிரி மேல்சத்தத்தை எல்லாம் வெட்டிவிட்டான் என்று மூன்று பக்கம் எழுதினேனே, அது?

மார்ச் 22, வெள்ளி

மனைவியிடம் தாளைக் காட்டினேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அதுவே ஒரு மாதிரி இருந்தது. துருவிக் கேட்டேன்.

"உங்க தம்பிக்குத் தெரியும். ரெண்டு வருஷமா."

தம்பி அவளிடம் சொல்லியிருக்கிறான்: "அண்ணி, அண்ணனுக்கு வலது பக்கம் நின்னு எதுவும் சொல்லாதீங்க, காதுல விழல." ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "சொல்றேன்னுதான் சொன்னேன். அவர்தான் வேணாம்னாரு. நீங்க சொன்னாலும், பேண்ட் சண்டைக்காக நான்தான் சொல்லச் சொன்னேன்னு நினைப்பார் அண்ணி, பக்குவமா ஒரு நாள் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னாரு."

அவன் எப்போதும் என் இடது பக்கம்தான் உட்காருவான். ஸ்பீக்கர் அந்தப் பக்கம் இருக்கிறது, நல்ல இடத்தைப் பிடிக்கிறான் என்று நினைத்தேன். ஒருமுறை சொல்லியும் காட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு எல்லோர் முன்னாலும் காதை டெஸ்ட் பண்ணு என்றேனே, அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே நார்நாராகக் கிழிந்திருப்பேன். வாயில் வைத்திருந்தான். சொல்லலை. அட்டைக்குள்ள டிஸ்க்க போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். நான் ஒரு மனுஷனா? தூ.

மார்ச் 24, ஞாயிறு

கடைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

காது மெஷின் வந்துவிட்டது. இரண்டு, பட்டாணி அளவு. மூக்குக்கண்ணாடி போட்டபோது புது ஃப்ரேம் எப்படி என்று ஊரெல்லாம் கேட்டேன். இதை மட்டும் அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

புது டிரம்மரின் பேட்டி ஒன்று ரசிகர் பக்கத்தில் ஓடுகிறது. "என் சிம்பலே கேட்கவில்லை என்று ஒருவர் எழுதியதைப் பலர் அனுப்பினார்கள். இப்போது மேடையில் கொஞ்சம் ஓங்கி அடிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். கீழே கமெண்ட்டில் நம் ஆட்கள் கைதட்டுகிறார்கள்.

ஓங்கி அடிக்கிறானாம். என் ஒருத்தன் காதுக்காக.

ஏப்ரல் 6, சனி

ரசிகர் பக்கத்தில் எழுதிவிட்டேன். ஐந்து வரி. என் காது எட்டு வருஷமாகப் பழுது, புது ஆள் வந்ததிலிருந்து நான் எழுதியதெல்லாம் தப்பு, அந்தக் கடைசி நிமிடத்தில் சிம்பல் இருக்கிறதாம், எனக்குத்தான் இல்லை. தாளையும் படம் எடுத்துப் போட்டேன்.

வந்த பதில்கள்: "செம கிண்டல் தலைவரே." "யார் மிரட்டினாங்க?" கடைசியாக ஒன்று: "உங்க காது போயிருக்கலாம் சார், எங்க காதுக்கு என்ன? எங்களுக்கும் அது மந்தமாத்தானே கேக்குது."

இதைப் படித்ததும் மார்ச் 4 கட்டுரையைத் திறந்து பார்த்தேன்: 'மந்தமாக' என்பது என் வார்த்தை.

ஏப்ரல் 7, ஞாயிறு

இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். நேரில் சொன்னேன். கடைக்காரர் கடை நாற்காலியைத் துடைத்தார், துடைத்ததையே திரும்பத் துடைத்தார். டீச்சர்தான் பேசினார். "அன்னைக்கு எனக்கு ஏதோ லேசா கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. நீங்க இல்லைன்னு சொன்னதும் இல்லைன்னு விட்டுட்டேன். நானும்தானே சிரிச்சேன்."

திரும்பும்போது தம்பி தெரு வரை போனேன். அவன் வீட்டுக் கேட்டைத் தாண்டி, தெருக்கோடி போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 20, சனி

இன்று காது மெஷினோடு போய்த் தம்பி வீட்டு மணியை அடித்துவிட்டேன். தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிட்டுவிட்டு, வேலை இருப்பதுபோல் சமையலறைக்குள் போய்விட்டாள். தம்பி "வாங்க" என்றான். வாங்கண்ணே இல்லை. வாங்க.

தப்புதான்டா என்றேன். வழியெல்லாம் தயார் செய்த நாலு வாக்கியத்தில் அது ஒன்றுதான் வந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"காது கேக்கலங்கறது எனக்குத் தெரியும். அதனால நீங்க சொன்னது வலிக்கல. எல்லாரும் சிரிச்சாங்க இல்ல? அப்ப நீங்க அவங்க மூஞ்சியெல்லாம் ஒண்ணொண்ணா பாத்தீங்க, யாரு யாரு சிரிக்கறாங்கன்னு. அதுதான்."

ஆமாம். பார்த்தேன். அதை நான் மார்ச் 3-இல் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அப்புறம் அவனே போய் மூன்றாவது பாட்டைப் போட்டான். கடைசி நிமிடம் வந்தது. புதுத் தாள்கட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளிவிட்டால் ஒரு சத்தம் வருமே, அது. நிற்காமல், ஒரு நிமிஷம் முழுக்க. இது அங்கேயே இருந்திருக்கிறது. என் வாய் அழுகையில் கோணிக்கொண்டது. அவன் பார்க்காத மாதிரி இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

வரவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

பாட்டு ஆரம்பித்த பிறகு தம்பி வந்தான். இடது பக்க நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதைத் தாண்டிப் போய் என் வலது பக்கம் உட்கார்ந்தான். டீச்சர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். மூன்றாவது பாட்டு முடிந்தது. அப்புறம் எனக்கு மட்டுமாக, மிக மெதுவாகச் சொன்னான்: "நெசமாச் சொன்னா, பாட்டு சுமார்தாண்ணே."

கேட்டது.