எந்த டேசன்?

அண்ணா,

புளி மூட்டை எடுத்துவர இன்று டேசனுக்குப் போனேன். சிரிக்காதே, நமக்கு டிக்கெட் கொடுத்த அறையில் இப்போது புளிதான் கிடக்கிறது. கதவைத் திறந்ததும் புளிப்பு வாடை. அதோடு பழைய கரிப்புகை வாடையும் வந்தது. சுவரிலிருந்து வந்ததா, என் நினைப்பிலிருந்து வந்ததா, சொல்லத் தெரியவில்லை.

நீ பட்டாளத்துக்குப் போனது இங்கிருந்துதான். சின்ன ரயிலில் மொரப்பூர் போய், அங்கே பெரிய ரயிலுக்கு மாற வேண்டும். அம்மா அழுதாள். "இந்த வண்டிக்கு நடக்கத்தாம்மா தெரியும், ஓடத் தெரியாது. நீயும் கூடவே நடந்து வந்துரு" என்றாய். அழுகையோடு சிரித்து உன் முதுகில் ஒன்று வைத்தாள்.

அடுத்த வருஷம் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். சண்டைக்கு இரும்பு வேண்டுமாம். கப்பலேறிப் போனது என்றார் ஒருவர், கப்பலோடு முழுகிப்போனது என்றார் இன்னொருவர். எதை நம்புவது? ரயில் போனாலும் பேர் போகவில்லை. பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டிய பஸ்ஸும் அங்கேதான் நின்றது. ஊருக்கு அது டேசன்தான். மொரப்பூரை நாம் என்றைக்கு டேசன் என்றோம்? மொரப்பூர் மொரப்பூர்தான்.

அப்புறம் ஒருநாள், லீவில் வந்த உன் பட்டாளத்துக் கூட்டாளி வீடு தேடி வந்தார். "வர்ற செவ்வாக்கெழம டேசனுக்கு வந்துரச் சொன்னாருங்க. ஒரு பார்வ பாத்துட்டு அப்படியே போயிருவாராம்" என்றார். அம்மா எள்ளுருண்டை பிடித்தாள். விடிந்ததிலிருந்து நம் டேசனில் உட்கார்ந்திருந்தோம். பஸ் வரும்போதெல்லாம் அம்மா எழுந்து நின்றாள். பொழுது சாய்ந்ததும், "வர விட்டிருக்க மாட்டாங்க, வா" என்று அப்பா கூட்டிவந்தார்.

மறுவாரம் கம்பைநல்லூர் மாமன் வந்து அம்மாவிடம் சத்தம் போட்டார். "ஏக்கா, பெத்த புள்ளயப் பாக்க ஒருத்தரும் வரமாட்டீங்களா? போன செவ்வாக்கெழம மொரப்பூர்ல பட்டாள வண்டியிலருந்து எறங்கி நின்னான். சின்ன வண்டி வந்து நிக்குமே, அந்தப் பக்கமே பாத்துட்டிருந்தான். நான் கிட்ட போறதுக்குள்ள வண்டி நவுந்துருச்சி, ஓடி ஏறிட்டான்."

அம்மா எள்ளுருண்டைச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு இன்றும் விளங்கவில்லை. நீ மொரப்பூர் என்றே சொல்லி, கூட்டாளி அதை விழுங்கிவிட்டாரா? ஊர் ஊராகப் போய் எல்லா இடத்தையும் டேசன் என்று பழகிவிட்டாயா? தண்டவாளம் போனதை எழுதியிருந்தோமே, உன் கைக்கு வரவில்லையா? வந்தும் மறந்தாயா? நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். நீ செத்துப்போன தந்திதான் வந்தது.

இப்போது யார் டேசன் என்றாலும், "எந்த டேசன்?" என்று கேட்டுவிடுகிறேன். "ஏம்புள்ள, நமக்கு எத்தன டேசன் இருக்குது?" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உன்னைப் பார்க்க முடியாமல் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வீட்டிலிருந்து ஒருத்தரும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே வண்டி ஏறினாயே, அதுதான் ஆறவில்லை.

நாங்கள் வந்திருந்தோம், அண்ணா. டேசனுக்குத்தான் வந்திருந்தோம்.