பதினான்காம் பக்கம்

ஓடை நிலையம் 3, கோவை. 2063 பிப்ரவரி 9, காலை 6:20
நீர்மட்டம் 1.4 மீட்டர். விழுந்து கிடக்கும் மருத மரத்தின் மேல் பதினொரு குருட்டுக் கொக்குகள்; பெயரில்தான் குருடு, பார்வை கூர்மை. பாலத்திலிருந்து யாரோ எறிந்த பொரியை நேற்று ஒரு கொக்கு தண்ணீரில் போட்டு, மேலே வந்த மீனைக் கொத்தியது. இன்று பதினொன்றும் அதையே செய்கின்றன. ஒன்று கற்றதை மற்றவற்றுக்குக் கடத்த நான் அவற்றின் தலையில் பொருத்திய சில்லுகள் வேலை செய்கின்றன. மரத்தின் நுனியில் மட்டும் எதுவும் நிற்பதில்லை. உள்ளே உளுத்துவிட்டது; அதன் கீழே ஆளை விழுங்கும் சேறு. நான் எழுதிய அறிக்கையில் இந்த எச்சரிக்கை பதினான்காம் பக்கம்.

பிப்ரவரி 20, காலை 10:05
அறிக்கை வெளியானது. இயக்குநர் நாச்சிமுத்துவின் பெயர் மட்டும். என் பெயர் எங்கே என்று வயர்லெஸ்ஸில் அவரிடம் கேட்டேன்.
"பழனியம்மாளா? இந்தக் காலத்துல இப்படியொரு பேரா! அட்டையில போட்டா யாரு படிப்பா கண்ணு? இனி நான் கேட்டா மட்டும் மைக்ல பேசு."
"சரிங்க சார்."
எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அப்பா இந்நேரம் அறிக்கையில் என் பெயரைத் தேடிக்கொண்டிருப்பார்.

மார்ச் 2, மாலை 4:40
இயக்குநர் வந்து, கண்காட்சிக்கு வேண்டுமென்று இரண்டு கொக்குகளின் சில்லுகளைப் பிடுங்கினார். இரண்டும் செத்தன. தவறி விழுந்த ஒரு சில்லைக் கரையில் குனிந்து தேடி எடுத்தார். தடுக்கப் போனபோது என் அடையாள அட்டை ஓடையில் விழுந்தது. என் பெயர் அச்சான ஒரே பொருள். நெடுநேரம் தேடினேன். ஒன்பது கொக்குகளும் எல்லாவற்றையும் பார்த்தன.

மார்ச் 3, காலை 7:15
ஒரு கொக்கின் தலையில் ரத்தம். மற்றவை அதன் சில்லைக் கொத்தி எடுத்துவிட்டன. அது அசையாமல் நின்று கொடுத்தது; மெல்ல எடுத்ததால் பிழைத்தது. சில்லு இப்போது மரத்தின் நுனியில் மின்னுகிறது. கொக்குகள் பின்வாங்கிக் காத்திருக்கின்றன.

7:50
இயக்குநர் கேமராவில் பார்த்துவிட்டார்.
"நுனியில கெடக்குது பாரு! நீ தொடாத, நானே வர்றேன்."
தன் பெயர் போட்ட அறிக்கையை அவர் படிக்கவே இல்லை. மைக்கின் பச்சை விளக்கு எரிகிறது. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

8:31
"பழனியம்மா! கயிறு! கயிறப் போடும்மா!"
முதல் முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கயிறு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மரத்தின் நுனி ஒடிந்து, சேறு அவர் மார்பைத் தொட்டிருந்தது. பதினான்காம் பக்கத்தைத் திறந்து, மைக்கில் நிதானமாகப் படித்துக் காட்டினேன். முடித்தபோது கேட்க யாருமில்லை.

மார்ச் 4, காலை 6:20. குரல் பதிவு
நீர்மட்டம் 1.4 மீட்டர். ஒன்பது கொக்குகள். மரம் ஒடிந்த விளிம்பில் என் அடையாள அட்டை, பெயர் மேலே தெரியும்படி. கொக்குகள் பின்வாங்கி நிற்கின்றன. சில்லு பொருத்திய கைகள் யாருடையவை என்று அவற்றுக்குத் தெரியும். இது எனக்கு வைத்த இரை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அதில் என் பெயர். இரண்டடிதான். மெதுவாகக் காலை வைத்தால்