வேண்டுதல் இல்லாத ஊர்

அக்கா,

இன்று காலை பரண்மேல் இருந்த நீலப் பையை இறக்கினேன். தூசி தட்டிவிட்டுப் பக்கவாட்டு ஜிப்புக்குள் கைவிட்டபோது கல் போல ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் எலுமிச்சம்பழம். காய்ந்து கறுத்து, கோலிக்குண்டு போலச் சுருங்கியிருந்தது. நகத்தால் கீறினேன். கொஞ்சம் வாசனை இன்னும் மீதி இருந்தது.

அந்த வாசனையோடு வேளாங்கண்ணி பஸ்ஸும் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு வாந்தி வந்தால் வேண்டுமே என்று வருஷாவருஷம் பழம் வாங்குவாய். பிள்ளைகளுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. மரக்காணம் தாண்டுவதற்குள் பழம் உன் மூக்கருகே போய்விடும். முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "பசங்களுக்குன்னு வாங்கினதுடி, வீணா போவக்கூடாதுன்னு மோந்துகினு கீறேன்" என்பாய்.

நாளை காலை எங்களுக்கு ரயில். சேலம்வரை ரயில், அங்கிருந்து ஏற்காட்டுக்குப் பஸ். மாமா, உன் பிள்ளைகள் ஜெனியும் அப்புவும், நம் அம்மா, நான். பையைக் கட்டிலின்மேல் வைத்துவிட்டு உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன், ஜன்னல்வரை போய்விட்டு வருகிறேன். ஸ்வெட்டரை வைத்தேன், எடுத்தேன், மறுபடியும் வைத்தேன். இது சரியான ஊர்தானா என்ற கேள்வி என்னை விடவே இல்லை. ஊர் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

தி. நகரில் புடவைக்கடை மாடியில் இருக்கும் சுற்றுலா அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்த அன்று நீ சிரித்த சிரிப்பு ஞாபகம் இருக்கிறது. நம் வீட்டில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள், செங்கல்பட்டைத் தாண்டி ஒரு மலையைக்கூடப் பார்க்காதவள், ஊர் சுற்றுகிறவர்களுக்கு வழி சொல்லப் போகிறாள் என்று மந்தைவெளித் தெருக்களில் மீன் விற்றுக்கொண்டே எல்லோரிடமும் சொன்னாய்.

போனில் பேச எனக்குக் கூச்சம். எதிர்முனையில் ஹலோ கேட்டதும் சொல்ல வைத்திருந்ததெல்லாம் மறந்துவிடும். அதற்காகவே ஒரு படிவம் தயாரித்தேன். பிள்ளைகளோடு பயணம் போகிற குடும்பங்களுக்கு அதை அனுப்புவேன். குழந்தைக்கு என்ன வயது, வளைவில் தலை சுற்றுமா, எத்தனை மணிக்குத் தூங்கும், எதைக் கண்டால் பயம். கடைசிக் கேள்விக்கு மட்டும் குழந்தையே எழுத வேண்டும், அல்லது வரைய வேண்டும்: இந்த லீவில் நீ என்ன செய்ய ஆசைப்படுகிறாய்? பலரும் யானை வரைவார்கள். ஒரு பையன் குளியல்தொட்டி வரைந்திருந்தான்.

அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்த மாதங்களில், சாயங்காலம் பஸ் பிடித்து உன் கட்டிலருகே வந்து உட்காருவேன். வலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்குள் நீ கேட்டுவிடுவாய்.

"இன்னாடி, இன்னிக்கு யார எங்க அனுப்பிச்ச?"

நான் சொல்வேன். குளியல்தொட்டிப் பையனின் கதையைக் கேட்டுவிட்டு, அவனை எங்கேயும் அனுப்பாதே, ஒரு அண்டா வாங்கிக் கொடுக்கச் சொல் என்றாய். ஏரியில் படகு சவாரி என்றால் உனக்கு அடக்க முடியாத சிரிப்பு. "காசு குடுத்தா போட்ல ஏறுவாங்க? நம்ம ஆளுங்க காசு குடுத்தாவது எறங்குவாங்க." பக்கத்துக் கட்டில் அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். உன்னிடம் மீன் வாங்கும் வீட்டுக்காரர்கள் லீவு முடிந்து வரும்போது உனக்கென்று வர்க்கி பிஸ்கட் கொண்டுவருவார்கள். ஊட்டி வர்க்கி நம் வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறது. நாம்தான் ஊட்டிக்குப் போனதில்லை.

ஒரு நாள் எதுவும் கேட்காமலே நீ சொன்னாய்: "ஒரு தபாவாவது வேண்டுதல் இல்லாத ஊருக்குப் போவணும்டி. மொட்ட இல்ல, காதுகுத்து இல்ல, மெழுகுவத்தி இல்ல. சும்மா." எந்த ஊர் என்று கேட்டேன். "எந்த ஊரா இருந்தா இன்னா? பசங்களுக்கு ஜன்னல் சீட்டு குடு, போதும்."

நமக்கு லீவு என்றால் வேளாங்கண்ணிதான். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறியதும் குப்பமே பை கட்டும். போவது ஏதாவது ஒரு வேண்டுதலுக்காகவே இருக்கும். அப்புவின் மொட்டை, ஜெனியின் காதுகுத்து, மாமாவின் படகு ஒருமுறை புயலிலிருந்து தப்பி வந்தது. நீ படுத்த வருஷம் மாமா காவி உடுத்தி, வெறுங்காலோடு நடந்தே போனார். மொட்டை அடித்துக்கொண்டு, பாதமெல்லாம் கொப்புளத்தோடு வந்து உன் கட்டிலருகே நின்றார். அத்தனை நாள் நடந்ததற்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாமே என்று திட்டினாய். திட்டிக்கொண்டே அவர் தலையைத் தடவிக் கொடுத்தாய். அடுத்த மழைக்கு முன்னால் நீ போய்விட்டாய்.

இந்த வருஷத் தடைக்காலம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் மாமா பட்டினப்பாக்கம் வீட்டு வாசலில் வலையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். தலை நிமிராமல், "வழக்கம்போல வேளாங்கண்ணிதான?" என்றார். என் கைப்பையில் நான்கு ஊர்களின் பெயரை எழுதிய காகிதம் இருந்தது. உனக்காக எழுதியது. எடுக்கக் கை வரவில்லை. உன் பெயரைச் சொல்லி அவருக்கு எதிராகப் பேசுவது போல இருந்தது. அதற்குள் ஜெனி, "ஆமாம்பா, போலாம்" என்று சொல்லிவிட்டாள். "வேற ஊரே கெடையாதா?" என்று அப்பு கேட்டான். மாமா ஊசியில் நூலைக் கோத்தார்.

ஜெனிக்கு அங்கே போக ஆசை என்று நினைத்துக்கொண்டேன். நீ நடந்த மணலில் நடக்க வேண்டும் என்று நினைக்கிறாளாக்கும் என்று பெரிதாக ஏதோ கற்பனை செய்துகொண்டு பஸ்ஸுக்குப் பதிவும் செய்துவிட்டேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் படிவம் அனுப்புகிறவள், நம் பிள்ளைகளுக்கு எதற்குப் படிவம் என்று இருந்துவிட்டேன்.

போன சனிக்கிழமை அம்மாவுக்கு வெளியே வேலை இருந்ததால் இரண்டு பேரையும் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். அப்பு படம் வரையக் காகிதம் கேட்டான். மேசைமேல் இருந்த படிவங்களில் ஆளுக்கு ஒன்றைக் கொடுத்தேன். அவன் ஒரு பெட்டி மட்டுமே உள்ள ரயிலை வரைந்து, ஜன்னலுக்கு வெளியே தன் தலையைத் தொங்கவிட்டிருந்தான். ஜெனி வரையவில்லை. பரீட்சை எழுதுவது போல ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதி, மடித்து, என் மேசையில் வைத்தாள்.

எதைக் கண்டால் பயம் என்ற இடத்தில் 'மொட்டை' என்று எழுதியிருந்தாள். இந்த லீவில் என்ன செய்ய ஆசை என்ற இடத்தில் 'மொட்டை போட வேண்டும்' என்று எழுதியிருந்தாள்.

மேலாளரிடம் சொல்லிவிட்டு இருவரையும் பனகல் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். அப்பு ஓடிப்போனான். ஜெனியிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. படிவத்தை மட்டும் அவள் மடியில் வைத்தேன். அவளாகவே பேசினாள்.

"அம்மாவுக்கு சரியானா பூமுடி தர்றேன்னு வேண்டிக்கினேன் சித்தி. நுனியில கொஞ்சம் மட்டும். மொட்ட போட்டா கிளாஸ்ல கிண்டல் பண்ணுவாங்கன்னு." சடையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். "முழுசா தர்றேன்னு சொல்லியிருந்தா அம்மா இருந்திருக்கும்ல?"

இத்தனை மாதங்களாகப் பன்னிரண்டு வயதுப் பெண் இதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வந்திருக்கிறாள், அக்கா. நான் அவளுக்குத் தலைபின்னி விட்டிருக்கிறேன். ஒரு நாள்கூடத் தெரியவில்லை. அவளிடம் இல்லை, இல்லை என்று மட்டும் சொன்னேன். அது அவளுக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வீடு திரும்பியபோது மாமா வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், "வேளாங்கண்ணி வேணாம் மாமா" என்று மட்டும் சொன்னேன். அவரிடம் நான் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஏன் என்று கேட்டார். படிவத்தை நீட்டினேன். ஐந்தாவதோடு நின்றவர், விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பூங்காவில் ஜெனி சொன்னதையும் சொன்னேன். கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஜெனியைக் கூப்பிட்டு வலைக் குவியல்மேல் உட்கார வைத்தார்.

"நான் முழுசாதான் குடுத்தேன் கண்ணு. மொட்டையும் போட்டேன், நடந்தும் போனேன். கொறச்சலா எதுவும் வெக்கல."

ஜெனி அவரையே பார்த்தாள். "அப்ப ஏன்பா?"

"தெர்ல."

எனக்கு ஏதாவது பெரிய ஆறுதல் சொல்லத் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் சொல்லியிருப்பேன். நல்லவேளை, தெரியவில்லை. 'தெர்ல' என்ற அந்த ஒரு சொல்லைத்தான் அவள் நம்பினாள். அவர் மடியில் கிடந்த வலையின் முனையை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். நீ போன அன்றுகூட அவள் அழவில்லை. மாமா அவள் தலைமேல் கையை வைத்தபடி இருந்தார். "உம் முடி உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

படிக்கட்டில் நின்றிருந்த அப்பு, "அப்ப வேற ஊரா?" என்று கேட்டான். மாமா என்னைப் பார்த்தார். "ஊரு போடறதுதான உன் வேல. போடு."

அன்றிலிருந்து இந்த அலைச்சல். வால்பாறை என்றால் வளைவுகள் அதிகம். கொடைக்கானல் என்றால் கூட்டம். ஊட்டிக்கு இடம் கிடைக்கவில்லை. ஏற்காடு என்றதும், பகல் ரயில் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது என்று முடிவு செய்தேன். மறுநாளே அதிலும் சந்தேகம். அந்த மலை உச்சியிலும் ஒரு கோயில் இருக்கிறதாம். ஊருக்குள் மாதா கோயிலும் இருக்குமாம். தேடிப் பார்த்துவிட்டேன் அக்கா, நீ கேட்ட ஊர் எங்கேயும் கிடையாது. போகிறவர்கள் எதையும் கேட்காமல் போய்விட்டு வந்தால்தான் உண்டு.

இதெல்லாம் சரியாக நடக்குமா என்று தெரியவில்லை. கடல் சத்தம் இல்லாமல் அப்பு தூங்குவானா? ஏரிப் படகைப் பார்த்து மாமாவுக்குச் சிரிப்பு வருமா, வேறு ஏதாவது வருமா? ஜெனி அங்கே திடீரென்று உன்னைத் தேடினால் நான் என்ன செய்வேன்? என் படிவத்தில் அதற்கு இடம் இல்லை. ஆனால் கொஞ்சநேரத்துக்கு முன் அவள் வந்து, நாளைக்கு இரட்டைச் சடை போட வேண்டும், இறுக்கமாகப் போட வேண்டும், காற்றில் கலையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜன்னல் சீட்டில் தம்பியோடு சண்டை போடுவதற்கு இப்போதே தயாராகிவிட்டாள். சண்டைக்கே இடமில்லை. இரண்டு ஜன்னல் வாங்கியிருக்கிறேன்.

உன் பழத்தை அதே பக்கவாட்டுப் பையில் திரும்ப வைத்துவிட்டேன். பக்கத்தில் புதிதாக ஒன்றும் வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குத்தான். ஏற்காடு மலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் என்கிறார்கள். எத்தனையாவது வளைவில் அது என் மூக்கருகே வரும் என்று உனக்குத் தெரியும்.

அலுவலகம் விட்டுப் பஸ்ஸில் ஏறும்போது இப்போதும் நீ கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் தினமும் மனசுக்குள் பதில் சொல்கிறேன். இன்றைக்கு யாரையும் எங்கேயும் அனுப்பவில்லை, அக்கா. நாளைக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.