வெயில் கடை

மார்ச் 3, செவ்வாய்

போர்டு எழுதுபவர் இன்று பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

"மேடம், இன்னொரு தடவை சொல்லுங்க. காசு வாங்கிட்டு ஆளைக் கறுப்பாக்குவீங்களா?"

ஆமாம் என்றேன். வெளியே எட்டிப் பார்த்தார். தெருவில் தார் உருகிக்கொண்டிருந்தது. "இந்த ஊர்லயா?" என்றார்.

'கறுப்பு' என்ற சொல்லே போர்டில் வேண்டாம் என்று அவராக முடிவு செய்து, 'பொன்னிற மேனி நிலையம்' என்று எழுதிவிட்டுப் போனார். நகைக்கடை மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

தம்பி வந்து பார்த்தான். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறாயே என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. "யோசிச்சுத்தானேக்கா செஞ்சிருப்பே" என்றான். அதற்கு ஊசிக் கதையையே சொல்லியிருக்கலாம்.

யோசித்தேனா? குளிர் நாட்டில் பத்தொன்பது வருஷம் இதே வேலை. படுக்கை மாதிரி ஒரு மெஷின், மேலே மூடி, உள்ளே வரிசையாக விளக்கு. வெயிலே பார்க்காத ஜனம் வந்து படுக்கும், நான் மூடுவேன், திறப்பேன், துடைப்பேன். முதலாளியம்மா கடையை மூடியபோது ஒரு மெஷினை எனக்குக் கொடுத்துவிட்டாள். எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். என் கணக்கு இதுதான்: இந்த ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, வெயிலில் நிற்கிற ஆளுக்குத்தான் பஞ்சம். ஏசி வீடு, ஏசி கார், ஏசி ஆபீஸ். வெளியே வந்தால் குடை, கையுறை, மூஞ்சியில் கிரீம்.

தம்பியிடம் சொன்னபோது சரியாகத்தான் இருந்தது. எழுதிப் பார்த்தால் கொஞ்சம் இடிக்கிறது.

மார்ச் 9, திங்கள்

திறந்தாயிற்று. தம்பி குடும்பம் வந்தது, காபி குடித்தது, போனது. தம்பி மனைவி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இதுல படுத்தா எந்திரிச்சு வந்துடலாம்ல?" என்றாள். சவப்பெட்டி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போனதைப் பார்த்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஈ ஓட்டினேன். நிஜமாகவே ஓர் ஈ வந்தது.

மார்ச் 14, சனி

முதல் ஆள்! ஒரு பெண். பேங்கில் வேலையாம்.

"வெள்ளையாக்குற மெஷின்தானே ஆன்ட்டி?"

"இல்லம்மா. கறுப்பாக்குறது."

முகம் விழுந்துவிட்டது. "அதைத்தான் பஸ் ஸ்டாப்ல சும்மாவே தர்றாங்களே" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். டீ போட்டுக் கொடுத்தேன். தன் மேனேஜரைத் திட்டியபடி மெதுவாகக் குடித்தாள். வாடிக்கை போயிற்று, ஆனால் நல்ல நாள். எழுந்து போனபோது இன்னொரு டீ கொடுத்திருக்கலாமோ என்று தோன்றியது.

மார்ச் 22, ஞாயிறு

கடை லீவு. கடைக்கு மேலேயே அறை என்பதால் எனக்குப் போக வேறு இடமும் இல்லை. பக்கத்து வீட்டில் டி.வி., மாடியில் குழந்தை ஓடுகிற சத்தம். என் அறையில் குழாய் சொட்டுகிறது. அதைச் சரிபண்ணச் சொல்லவில்லை. அதுவாவது இருக்கட்டும்.

அங்கே தனியாக இருந்தபோது பனியைக் காரணம் சொல்லிக்கொண்டேன். பனியில் யார் வருவார்கள்? இங்கே எதைச் சொல்ல? என் வீட்டுக்காரர் இன்னொருத்தியின் வீட்டுக்காரராகி ஒன்பது வருஷம் ஆயிற்று. அந்தப் புண் ஆறிவிட்டது. ஆனால் நாளெல்லாம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, சாயங்காலம் பால் வாங்கப் போகும்போது குரல் கரகரவென்று வருகிறதே, அது ஆறவில்லை.

குளிர் நாட்டிலிருந்து மகள் போன் செய்தாள். "மே மாசம் முடியட்டும்மா. அதுக்குள்ள கடை ஓடலைன்னா இங்க வந்துடணும். கீழ் ரூம் உங்களுக்காகத்தான் காலியா வெச்சிருக்கோம்." கீழ் ரூம் என்றால் தரைக்குக் கீழே. ஜன்னலில் பனியும் மற்றவர்கள் செருப்பும் தெரியும். சரி என்று சொல்லிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், யாராவது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரவேண்டும். அதற்குத்தான் இந்தக் கடை. இதைப் போர்டில் எழுத முடியுமா?

மார்ச் 27, வெள்ளி

இன்று வந்தவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். என்னை விட மூன்று நான்கு வயது கூடுதல் இருக்கும். இரண்டு கைகளையும் மேஜைமேல் நீட்டினார். வலது கை கரிக்கட்டை. இடது கை வெளிறிப்போய், யாரிடமோ கடன் வாங்கி மாட்டியது மாதிரி. முப்பது வருஷமாக வலது கை ஜன்னல் பக்கம்.

"பொண்ணுக்குக் கல்யாணம் மேடம். 'ஆல்பத்துல ரெண்டு அப்பா நிக்கிற மாதிரி இருக்கும்ப்பா, ஏதாவது பண்ணு'ன்னு சொல்றா. வலதை வெளுக்க முடியாது. இடதைக் கறுக்க முடியுமா?"

பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. முடியும் சார் என்றேன். என்னை சார்னு கூப்பிட்ட முதல் ஆள் நீங்கதான் என்றார்.

மற்றவர்களைப் படுக்கவைத்து மூடிவிட்டால் பேச்சு இல்லை. இவரோ பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கை மட்டும் மூடிக்குள், மேலே துண்டு போட்டு அடைத்தேன். மிச்ச ஆள் வெளியே. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கு அணையும்வரை பேசினார். பின்சீட்டில் சண்டை போட்டு, இறங்குவதற்குள் சமாதானமாகிற தம்பதிகளைப் பற்றி. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

வெள்ளிதோறும் வரச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

மூன்றாவது தடவை. கை லேசாக நிறம் பிடிக்கிறது. இவர் மனைவி இறந்து நான்கு வருஷமாம். லீவு நாளில் அந்த அம்மா முன்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் சுற்றுவாராம்.

"அவளுக்கு இடது கை கறுப்பு, எனக்கு வலது கை கறுப்பு. ரெண்டு பேரும் பக்கத்துல நின்னா சரியாயிடும்."

இப்போது அந்த சீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். தண்ணி பாட்டில், துண்டு, டிபன் பை என்றார். சவாரி எல்லாம் பின்னால்தான் உட்காருமாம்.

ஏப்ரல் 17, வெள்ளி

மெஷினில் ஐந்து அளவு உண்டு. இவர் கைக்கு நான்கு வைக்கவேண்டும். இன்று இரண்டில் வைத்தேன்.

கை தவறி வைக்கவில்லை. நான்கில் வைத்தால் இன்னும் இரண்டு வாரத்தில் கை தயாராகிவிடும். அப்புறம் எதற்கு வருவார்?

தொழிலில் இப்படி ஒரு தப்பு செய்ததில்லை. ஆளைக் கருக்கிவிடுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். கறுக்காமல் ஏமாற்றியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

வரவில்லை.

ஏன் வரலை? கை கறுக்கலைன்னு கோபமா? இருக்காதா பின்னே? பொண்ணு கல்யாணத்துக்குன்னு நம்பி வந்த மனுஷன். நானே கெடுத்துக்கிட்டேன். மூணு தடவை டீ போட்டு மூணு தடவையும் நானே குடிச்சேன். தூக்கம் வரப்போறதில்லை. அம்பத்தொரு வயசுல இதெல்லாம் தேவையா எனக்கு —

மே 1, வெள்ளி

வந்தார். வெளியூர் சவாரியாம். நான் சுரத்தில்லாமல் "அப்படியா" என்றேன். அவர் உள்ளே வருவதற்குள் கண்ணாடியில் தலையைச் சரிசெய்ததை இங்கே எழுதத் தேவையில்லை.

இரண்டிலேயே வைத்தேன்.

மே 8, வெள்ளி

மனசு கேட்கவில்லை. "கல்யாணம் எப்போ சார்? இன்னைக்குக் கொஞ்சம் கூட்டி வைக்கணும்" என்றேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டார். கறுப்புக் கண்ணாடியில் கண்ணும் தெரியவில்லை.

"அது போன மாசமே முடிஞ்சிருச்சு மேடம்."

"எப்போ?"

"அன்னைக்கு வரலையே, அந்த வாரம்."

வெளியூர் சவாரி! "பின்னே ஏன் வர்றீங்க?"

"கை இன்னும் கறுக்கலையே" என்றார். பிறகு மெதுவாக, "உங்களைக் கூப்பிடணும்னுதான் நெனச்சேன். யாருன்னு சொல்லிக் கூப்பிடறது? கையைக் கறுக்கவைக்கிறவங்கன்னா?" என்றார்.

நானும் சொல்லிவிட்டேன். நான்கு வைக்கவேண்டிய இடத்தில் இரண்டு வைத்ததை. காது சுட்டது.

"தெரியும். முதல்ல நல்லா சுட்டுது. அப்புறம் வெந்நீர் ஆறின மாதிரி ஆயிருச்சு."

"கேட்டிருக்கலாமே?"

"கேட்டா கூட்டிடுவீங்களே."

போகும்போது, வரும் வெள்ளிக்கும் இரண்டே போதும் என்றார்.

மே 31, ஞாயிறு

மகள் கொடுத்த கெடு முடிந்தது. கடைக்கு வந்தவர்கள் இத்தனை நாளில் ஒரு கை விரலுக்குள் அடக்கம். அதிலும் ஒருத்தர் கை மட்டும்தான்.

வரும் வெள்ளி மகளிடம் போகிறேன் என்று முந்தாநாள் அவரிடம் சொன்னேன். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "எத்தனை மணிக்கு பிளைட்? நான் கொண்டுபோய் விடறேன்" என்றார். அவ்வளவுதானா? நான் மட்டும் என்ன சொன்னேன், சாயங்காலம் ஆறு மணி என்றேன்.

மெஷினைப் பக்கத்துத் தெரு ஜிம்காரர் விலைக்கு எடுத்துக்கொண்டார். அவருடைய பயில்வான்கள் மேடை ஏறும்போது கறுத்துப் பளபளத்தால்தான் தசை எடுப்பாகத் தெரியுமாம். "நீங்க இருந்து சொல்லிக் குடுத்தா நல்லாருக்கும்மா. இவனுங்க எவனுக்கும் இதைத் தொடவே பயம்" என்றார். ஊருக்குப் போகிறேன் என்றேன். மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

ஜூன் 4, வியாழன்

பெட்டி கட்டியாயிற்று. தம்பி வந்து, "போய்ட்டு வாக்கா" என்றான். நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது. கோபப்பட முடியவில்லை.

குழாய் இன்னும் சொட்டுகிறது.

ஜூன் 5, வெள்ளி

போகவில்லை.

ஜூன் 6, சனி

நேற்று எழுத முடியவில்லை. நடந்தது ஒன்றும் பெரிதில்லை. பெட்டியை டிக்கியில் வைத்தார். நான் பின்கதவுக்குப் போனேன். அவர் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சீட் துடைத்துக் காலியாக இருந்தது. பாட்டில், துண்டு, பை எல்லாம் பின்னால்.

உட்கார்ந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. பாதி வழியில் டீ குடிக்க நிறுத்தினார். குடித்து முடித்து, கிளாஸைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி உட்கார்ந்தோம். சாவியைக் கையில் வைத்தபடி இருந்தார். நேரமாகிவிட்டது என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வெளிச்சம் குறைந்தது. தலைக்குமேல் ஒரு விமானம் போனது.

"உங்களோடதா இருக்குமோ?" என்றார். மேடம் என்று சொல்லவில்லை.

"இருக்கும்" என்றேன்.

மகள் போனில் கத்தித் தீர்த்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன். ஆனால் அவள் கேட்ட ஒரு கேள்விக்கும் பொய் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

ஜிம்மில் இன்று மூன்று பயில்வான்கள். கதவு மாதிரி மார்பை வைத்துக்கொண்டு, மூடியை இறக்கும்போது "அக்கா, பக்கத்துலயே இருங்க" என்கிறார்கள். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் மூடுகிறேன்.

நிலைக்கண்ணாடி முன்னால் கைகழுவும்போது ஒரு பையன் பார்த்துவிட்டான். "என்னக்கா, உங்க இடது கை மட்டும் இப்படிக் கறுத்திருக்கு? வலதை மெஷின்ல வைங்களேன், நாலே தடவைல சரியாயிடும்."

வாசலில் ஹாரன் கேட்டது. "வேண்டாம்ப்பா, இருக்கட்டும்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.